ராலியைக் கழுவிப் பூட்டினேன், பெயின்ற் அடிக்கவில்லை

அப்பாவின் ராலி சைக்கிள் திரும்பவும் ஓடுகிறது. களுவாஞ்சிகுடிக்கு வேலைக்குப் போவது அதில்தான். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: இவ்வளவு பாடுபட்டுத் திருத்தினவன் ஏன் பெயின்ற் அடிக்காமல் விட்டான்? நடுவழியில் நின்று சொல்ல நீளமான கதை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்து ஊர்வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவான். நானும் அப்படித்தான் கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து களுதாவளைக்கு வந்து சேர்ந்தேன். சைக்கிள் அம்மா வீட்டிலேயே நின்றது; அந்த வீடு தங்கச்சி வீடாயிற்று. பிறகு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தது, பாதையில் (ஆளையும் வண்டியையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம்) ஏறி ஆற்றைக் கடக்கிற தேவையும் போயிற்று. ஊருக்குப் போய் வரும்போதுகூட அந்தச் சைக்கிளைத் தேடினதில்லை.

2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது. கியூஆர் குறியைக் காட்டி அளவாகப் பெற்றோல் வாங்குகிற முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். புதுச் சைக்கிள் வாங்கலாம் என்று கடைக்குப் போனால் விலை கைக்கு எட்டவில்லை. அந்த நேரம்தான் தங்கச்சி போன் எடுத்தாள்.

"அண்ணன், விறகுக் கொட்டிலப் பிரிக்கப் போறம். அப்பாட சைக்கிள் வளையில கட்டிக் கிடக்கு. பழைய இரும்புக்காரன் நிறுத்துத் தா எண்டு நிக்கிறான். என்ன செய்ய?"

"ஒருத்தரையும் தொட விடாத" என்றேன்.

சும்மா போட்டு வைத்திருந்தால் எங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்கு இரும்பு நிற்காது. தங்கச்சி அதைத் தலைகீழாகக் கொட்டிலின் கூரை வளையில் தூக்கிக் கட்டுவித்திருக்கிறாள். கட்டுவதற்கு முன் உழவு மெசினில் கழித்த ஒயிலைப் பழைய துணியில் நனைத்து உடம்பு முழுக்கப் பூசியிருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் செய்தது. நான் செய்த வேலையெல்லாம் அவள் செய்ததற்குப் பிறகுதான். மச்சான் நெல் ஏற்றி வந்த லொறியில் போட்டு அனுப்பினார்.

இறக்கியதும் முதலில் செயின் சில்லைத்தான் துடைத்துப் பார்த்தேன். அதற்குள் மூன்று கொக்குத் தலைகள் இருக்கும். ராலி கொம்பனி இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் நகரத்து ராலித் தெருவில், 1880களில் சின்னப் பட்டறையாகத் தொடங்கியது. அதைப் பெரிதாக்கிய பௌடன் என்பவரின் குடும்பச் சின்னம் கொக்கு. சின்ன வயதில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் ஆற்றங்கரையில் நிற்கிற கொக்கைத்தான் வெள்ளைக்காரன் செயினுக்குள் வைத்திருக்கிறான் என்று நம்பியிருந்தேன். துருவைத் துடைத்ததும் மூன்றும் முழுசாக வந்தன.

இந்தச் சைக்கிளில்தான் ஓடப் பழகினேன். சீட்டுக்குக் கால் எட்டாத வயது. பாருக்குக் கீழால் வலது காலை விட்டு, வலது கக்கத்துக்குள் பாரை அணைத்துக்கொண்டு, இடது கையால் ஹாண்டிலைப் பிடித்து, ஒரு பக்கம் சரிந்தபடி அரைப் பெடல் அரைப் பெடலாக மிதிப்போம். தான்தோன்றீஸ்வரர் கோயில் தேருக்குப் போகும்போது அப்பா பாரில் ஒரு சாரத்தைச் சுற்றி அதில் என்னை இருத்துவார். கரியரில் அம்மா, அம்மாவின் மடியில் தங்கச்சி. மணல் வந்தால் எல்லாரும் இறங்கி நடப்போம். உயர்தரம் படிக்கும்போது சைக்கிள் என் கைக்கு வந்தது. அதைப் பாதையில் ஏற்றி ஆற்றைக் கடந்து ரியூசனுக்குப் போய் வந்தேன்.

இனி வேலைக்கு வருகிறேன். கல்முனையில் பழைய சைக்கிள் வேலை தெரிந்த ஒரு காக்கா இருக்கிறார் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்). கழற்றுவதை நானே செய்ய வேண்டும், தெரியாததை அவரிடம் கேட்க வேண்டும் என்று முடிவு. கடினமானது கிராங்கை, அதாவது பெடல் பூட்டியிருக்கிற இரும்புக் கையை, அச்சோடு பிடிக்கிற ஆப்பு ஆணி. நட்டை முழுதாகக் கழற்றக் கூடாது. ஆணியின் நுனியோடு மட்டமாக வரும்வரை தளர்த்தி விட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் மரை நசுங்கும். கிராங்குக்குக் கீழே தடித்த இரும்புக் குழாயை முண்டுகொடுத்து, சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. பயந்து பயந்து தட்டினால் ஆணி வளையுமே தவிர வெளியே வராது. அதற்கு முன் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். அப்போது மண்ணெண்ணெய்யும் தட்டுப்பாடு. மனைவியின் அண்ணன் தோணி எஞ்சினுக்கு வைத்திருந்ததில் ஒரு போத்தல் தந்தார். தொழிலுக்குப் போக வைத்திருந்த எண்ணெய். அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் என்பதையும் சொல்லி வைக்கிறேன். மற்ற மரைகளைப் போல இடப்பக்கம் திருகினால் அது இன்னும் இறுகும். வலப்பக்கம் திருகினால்தான் கழரும்.

கிராங் அச்சு ஓடுகிற கப் இரண்டில் ஒன்று தேய்ந்திருந்தது. புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டலாம் என்று காக்காவிடம் கேட்டேன்.

"தம்பி, ராலிக்குப் புதுக் கப் தேடிக் காச அழிக்காதீங்க. இதிர மரை வேற. கடையில இரிக்கிறது ஒண்டும் புடிக்காது."

அவர் சொன்னது சரி. மற்றச் சைக்கிள்களில் அங்குலத்துக்கு 24 மரை. ராலி தன் சைக்கிளுக்கு 26 மரை வெட்டியது. பழைய கப்பையே கழுவி மினுக்கி, பக்கத்துக்குப் 11 என்று கால் அங்குலக் குண்டுகளைப் புதிதாகப் போட்டு, கிறீஸ் அப்பிப் பூட்டினோம். கொஞ்சம் சத்தம் இருக்கிறது, ஆனால் ஆட்டம் இல்லை. 28 அங்குல ரயர் கிடைக்காது என்றுதான் பயந்தேன். இந்தியச் சைக்கிள்களுக்கும் அதே அளவு என்பதால் அது லேசாகக் கிடைத்தது. கம்பிகள் முன் சில்லில் 32, பின் சில்லில் 40. சுமை பின்னுக்கு என்று கணக்குப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். முறிந்தவற்றை மாற்றி, காக்கா சில்லைச் சுற்றிச் சுற்றிக் காதாலேயே நெளிவு எடுத்தார். ஹாண்டிலின் துருவைச் சொக்கிலேட் சுற்றுகிற அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தே எடுத்துவிட்டேன். உப்புத்தாள் போட்டிருந்தால் முலாமும் சேர்ந்து போயிருக்கும்.

பெயின்ற் பேச்சு இதற்குப் பிறகுதான் வந்தது. தங்கச்சியின் மகன் ஸ்பிறே போத்தலோடு வந்து நின்றான். "மாமா, மெட் கறுப்பு அடிச்சு, சிவப்புக் கோடு போட்டா எப்பிடி இரிக்கும் தெரியுமா?" காக்காவும் அடிக்கத்தான் சொன்னார். நான் அவர்களை உட்கார வைத்து ஒவ்வொரு இடமாகக் காட்டினேன்.

பாரின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ற் இல்லை. அது சாரம் சுற்றி நான் இருந்த இடம். சீட் கம்பியைப் பிடிக்கிற நட்டின் ஆறு மூலையும் தேய்ந்து உருண்டு கிடக்கிறது. யுத்த காலத்தில் பாதை ஏறும் துறையில் சோதனை இருந்தது. சீட்டைக் கழற்றிக் குழாய்க்குள் ஒன்றும் ஒளித்து வைக்கவில்லை என்று காட்ட வேண்டும். அளவில்லாத ஸ்பனரால் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் கழற்றிக் கழற்றித் தேய்ந்த நட்டு அது. கரியர் இடப்பக்கம் சரிந்திருக்கிறது. 2007இல் யுத்தத்தால் ஆற்றுக்கு மேற்கே எங்கள் படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்தபோது அம்மாவையும் உடுப்பு மூட்டையையும் அதில் வைத்துத் தங்கச்சி உருட்டிக்கொண்டு வந்தாள். முன் மக்காட்டில் வெள்ளைப் பெயின்றால் அப்பாவின் பெயரின் முதல் எழுத்து, போர்ட் எழுதுகிற ஒருவரின் கையால் எழுதியது. அப்பா உயிரோடு இல்லை. அவருடைய படமே எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் அடையாள அட்டைக்கு எடுத்தது.

ஒரு பூச்சு அடித்தால் இவ்வளவும் மூடுபட்டுப் போகும். சைக்கிளைத் திருத்துவது என்றால் அது ஓட வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், ஆளைத் தாங்க வேண்டும். அதற்குத் தேவையானதில் நான் ஒரு சதம் குறைக்கவில்லை. பின் கவட்டுக் குழாயில் துரு இரும்பைத் தின்னத் தொடங்கியிருந்தது. அந்த இடத்தைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூசி, அதன் மேல் மட்டும் கறுப்பு அடித்தேன். மற்ற இடங்களில் நொட்டிங்ஹாமில் சூளை வைத்துக் காய்ச்சிய பழைய பூச்சு இன்னும் இறுகித்தான் இருக்கிறது. ஒயில் துணியால் துடைத்தால் பொன் நிறக் கோடுகூடத் தெரிகிறது. மருமகன் நட்டைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்பிறே போத்தலைத் தன் சைக்கிளுக்கு வைத்துக்கொள்கிறேன் என்றான்.

இன்னும் இரண்டு சாமான் தேவை. டைனமோ வேலை செய்கிறது, ஆனால் முன் லைற்றின் கண்ணாடி இல்லை. முன் பிரேக்கின் நெடுங்கம்பியை இப்போதைக்குக் கட்டுக் கம்பி சுற்றித்தான் ஓடுகிறேன், அது அவ்வளவு நம்பிக்கையில்லை. கல்முனையிலிருந்து வாழைச்சேனை வரைக்கும் யார் வீட்டிலாவது உடைந்த ராலி கிடந்தால், இரும்புக்காரனுக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள். விலையைப் பேசிக்கொள்ளலாம், நானே வந்து எடுக்கிறேன்.