ஒரு இனிஷியலுக்கு ஏழு மாதம்

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஒன்பது வருஷம் ஏழு மாதம் வேலை பார்த்தேன். 2012 ஜனவரியில் சேர்ந்தபோது அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவு. கடைசி நாலு வருஷம் பேக்கிங்கில் கணக்கு எழுதினேன். இரண்டாவது பையனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் 2021 ஜூலையோடு நின்றுவிட்டேன். பி.எஃப். பணம் எங்கேயும் போகாது, வட்டி ஏறிக்கொண்டே இருக்கட்டும் என்று அதைத் தொடவில்லை. 2022 அக்டோபரில் வீட்டில் கூரை மாற்ற வேண்டி வந்தபோதுதான் அதன் நினைவே வந்தது.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து நெட் சென்டரில் யூ.ஏ.என். என்கிற என் பி.எஃப். எண்ணைக் கொடுத்தேன். பையன் பாஸ்புக்கைத் திறந்தான். என் பங்கும் கம்பெனி பங்கும் வட்டியும் சேர்ந்து ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். மனசு குளிர்ந்துபோனது. அப்புறம் ஆதாரை இணைக்கப் பார்த்தான், இணையவில்லை. “அக்கா, இதுல எம். போட்டிருக்கு, ஆதார்ல எஸ். இருக்கே.”

எம். என் அப்பா. எஸ். என் வீட்டுக்காரர். வேலைக்குச் சேரும்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. 2014-இல் கல்யாணம் முடிந்து, மாமியார் ஊரில் போட்ட முகாமில்தான் ஆதார் எடுத்தேன். அங்கே எழுதியவர் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார், சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. நம் ஊரில் பெண்பிள்ளைக்குக் கல்யாணமானால் இனிஷியல் மாறுவது வீட்டில் யாரும் உட்கார்ந்து யோசிக்கிற விஷயமா என்ன?

இன்னொரு சிக்கலும் இருந்தது. நான் வேலையை விட்ட தேதியைக் கம்பெனி ஏற்றவே இல்லை. அந்தத் தேதி இல்லாமல் முழுப் பணம் கேட்க முடியாது. வேலையை விட்டு இரண்டு மாதம் கழிந்தால் அதை நாமே போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஆதார் ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. வர ஆதார் இணைந்திருக்க வேண்டும். ஆதார் இணைய இனிஷியல் சரியாக வேண்டும். இனிஷியலைச் சரிசெய்யக் கம்பெனி கையெழுத்து வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

இந்தத் திருத்தத்துக்கு ஜாயின்ட் டிக்ளரேஷன் என்று பெயர். எது தப்பு, எது சரி என்று எழுதித் தொழிலாளியும் முதலாளி தரப்பும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரையோடு பி.எஃப். அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நான் நகல்களோடு கம்பெனிக்குப் போனேன். வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் போய்வரச் செலவில்லை. அந்த ஒரு சலுகை இல்லாவிட்டால் மூன்றாவது தடவையோடு விட்டிருப்பேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதல் தடவை கேட்டைத் தாண்டவில்லை. “யாரைம்மா பாக்கணும்? பேர் சொன்னாத்தான் உள்ள விடுவேன்.” ஒன்பது வருஷம் நான் கார்டு பன்ச் செய்த கேட் அது. செக்யூரிட்டி புதுசு, அவர்மேல் தப்பில்லை. இரண்டாவது தடவை, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் வரை போனேன். பழைய அண்ணன் வேலையை விட்டுப் போயிருந்தார். அந்த இடத்தில் இருந்த தம்பி பி.எஃப். எல்லாம் கன்சல்டன்ட் பார்க்கிறார் என்றான். கன்சல்டன்டுக்குப் போன் செய்தால், கம்பெனி மெயில் போட்டால்தான் செய்வேன் என்றார். மெயில் போடச் சொன்னால், மேனேஜர் ஊரில் இல்லை. இப்படியே தீபாவளி போய் கார்த்திகையும் போனது. நடுவில் இருபது ரூபாய் பத்திரத்தில் பிரமாணப் பத்திரம் கேட்டார்கள், கொடுத்தேன். கல்யாணப் பதிவுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாம் கொடுத்தேன். டிசம்பர் கடைசியில் மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

ஜனவரியில் திரும்பி வந்தது.

காரணம், கையெழுத்துப் பொருந்தவில்லை. என் கையெழுத்தைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, வீட்டில் ஒரு நோட்டில் போட்டுப் போட்டுப் பார்த்தேன். பிப்ரவரி 27-ஆம் தேதி நடந்த முகாமில்தான் விவரம் புரிந்தது. பி.எஃப். காரர்கள் மாதாமாதம் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் ‘நிதி ஆப்கே நிகட்’ என்று ஒரு முகாம் நடத்துகிறார்கள். இந்த இந்திப் பெயரை வைத்துக்கொண்டு நம் ஊர் ஜனம் எப்படிக் கண்டுபிடிக்கும் என்பது அவர்களுக்கே வெளிச்சம். அங்கிருந்த அதிகாரி ஒரு அம்மா. தாளைப் புரட்டிப் பார்த்து இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். கம்பெனி சார்பில் யார் கையெழுத்துப் போடலாம் என்று மாதிரிக் கையெழுத்து முன்கூட்டியே அலுவலகத்தில் கொடுத்து வைக்க வேண்டுமாம். கோப்பில் இருந்தது பழைய மேனேஜருடையது. புதியவர் தன்னுடையதைக் கொடுக்கவே இல்லை.

“நேர்ல போயிட்டே இருக்காதீங்கம்மா. எழுதிக் கொடுங்க, ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால்ல அனுப்புங்க. இணையத்துல ஒரு குறையும் பதிவு பண்ணுங்க” என்றார்.

இதைத்தான் முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டும். அதுவரை ஆறு தடவை போயிருந்தேன். நான் வந்ததற்கு எங்கேயும் ஒரு வரி எழுத்து இல்லை. மார்ச் முதல் வாரம் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். சேர்ந்த தேதி, நின்ற தேதி, நான் வந்துபோன தேதிகள், கேட்பது என்ன, இவ்வளவுதான். கோபமாக எழுதிய முதல் பிரதியைக் கிழித்துவிட்டேன். பி.எஃப். குறைதீர் தளத்திலும் அதையே பதிந்து எண்ணைக் குறித்துக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் டைம் ஆபீஸ் தம்பியே போன் செய்தான். “அக்கா, எதுக்கு கம்ப்ளைன்ட்லாம்? சொல்லியிருந்தா செஞ்சிருப்போமே.” எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஏப்ரலில் இனிஷியல் மாறியது, ஆதார் இணைந்தது, நின்ற தேதியும் ஏறியது. பணம் கேட்டு மனு போட்டேன். அதுவும் ஒருமுறை திரும்பியது. என் வங்கி வேறொரு வங்கியோடு இணைந்து ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியிருந்தது, பதிவில் பழையது இருந்தது. புது பாஸ்புக்கை ஏற்றி மறுபடி போட்டேன். மே மாதம், மனு போட்ட பதினோராம் நாள் பணம் வந்துவிட்டது. ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்திருந்ததால் வருமான வரிப் பிடித்தம் இல்லை.

ஆனால் பென்ஷன் பணம் வரவில்லை. கம்பெனி போடும் 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்குப் போகிறது, 3.67 மட்டும்தான் பி.எஃப்.-க்கு வருகிறது. கடைசியாக என் பேசிக்கும் டி.ஏ.-வும் சேர்ந்து 9,500. அதில் 791 ரூபாய் பென்ஷனுக்கு, 349 பி.எஃப்.-க்கு. பத்து வருஷம் ஆகாதவர்கள் பென்ஷன் பங்கை ஒரேயடியாக வாங்கிக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டு, அதையும் சேர்த்துக் கூரைக்குக் கணக்குப் போட்டிருந்தேன். எனக்கு ஒன்பது வருஷம் ஏழு மாதம்தானே? ஆனால் மிச்சம் ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அதை ஒரு முழு வருஷமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பத்தாகிவிட்டது. இரண்டு மாதம் முன்னால் நின்றிருந்தால் கையில் வாங்கியிருக்கலாம். பணத்துக்குப் பதில், பின்னால் பென்ஷன் கேட்பதற்கான ஸ்கீம் சர்டிபிகேட் கொடுத்தார்கள். 58 வயதில் மாதம் ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு ரூபாய் வரும். அப்போது அது எத்தனை கிலோ தக்காளிக்கு ஆகும் என்று வீட்டுக்காரர் கேட்டார். கூரையில் சமையலறைப் பக்கம் இன்னும் பழைய ஓடுதான்.

இப்போது விதி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு யூ.ஏ.என். வாங்கி, ஆதாரும் சரிபார்த்து இணைத்தவர்கள், 2025 ஜனவரியிலிருந்து பெயர், பிறந்த தேதி போன்றவற்றைத் தாங்களே திருத்திக்கொள்ளலாம். என்னைப் போலப் பழைய எண் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கம்பெனி வாசல்தான். வேலையில் இருக்கும்போதே ஆதாரையும் பி.எஃப். பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். நின்ற பிறகு போனால் கேட்டில் பெயர் கேட்பார்கள்.

சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது, “லேமினேட் பண்ணிடவா அக்கா, கெட்டியா இருக்கும்” என்றான் கடைப் பையன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னும் இருபத்தைந்து வருஷம் கழித்து யாராவது அதன்மேல் முத்திரை வேண்டும் என்பார்கள்.