துண்டுக்குள் விலை பேசும் வீட்டுப் பிள்ளை

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் எங்கள் அப்பச்சி, அதாவது அம்மாவின் அப்பா, விலை பேசும்போது வாயே திறக்கமாட்டார். தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இரண்டு பேர் கைக்கும் மேலே போட்டு, உள்ளே விரலைப் பிடித்தே தொகையைச் சொல்லி, மறுத்து, இறக்கி, முடித்துவிடுவார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதை வேடிக்கை பார்த்து வளர்ந்த எனக்கு, பெரிய மனுசங்க என்றால் சத்தமில்லாமல் காரியம் முடிப்பவர்கள் என்று பதிந்துபோய்விட்டது. போதாததற்கு, நாலு பேர் இருக்கிற இடத்தில் நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டால் அமுச்சி (அம்மாவின் அம்மா) ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பில் ஒரு பேச்சுப்போட்டி. "அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்" வரை கணீரென்று போனது. அடுத்த வரி இன்றுவரை ஞாபகம் வரவில்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. சரக்கு வாங்கும் பையருக்கும் சாயம் ஏற்றும் டையிங்குக்கும் கட்டிங்குக்கும் தைக்கிற பவர் டேபிளுக்கும் நடுவில் நின்று பேசுவதுதான் அந்த வேலையே. இதில் வாய் திறக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டால், முடியும், மெயிலும் வாட்ஸப்பும் எதற்கு இருக்கிறது? எல்லாவற்றையும் தட்டச்சு செய்தே இரண்டு வருடம் ஓட்டினேன்.

மாட்டியது ஒரு நேவி ப்ளூ டிசர்ட்டில். உடம்புத் துணி சிங்கிள் ஜெர்சி, கழுத்துக்கு ரிப், இரண்டும் தனித்தனி லாட்டில் சாயம் ஏறி வந்தது. ஆபீஸ் டியூப்லைட்டில் இரண்டும் ஒரே ஷேடு. ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பார்த்தால் ரிப் மட்டும் லேசாகச் சிவப்படித்தது. ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகிற நிறம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும், இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை, அதற்காகத்தான் லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். நான் பார்த்துவிட்டேன். காலை மீட்டிங்கில் முதலாளி உட்பட ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். "சார், வந்துங்க, நேத்து சாயங்காலம் லாட் வந்துச்சுங்களா, அப்பத்தான் நான்..." என்று ஆரம்பித்தேன், அதற்குள் வேறு ஒருவர் பேக்கிங் பிரச்சினைக்குப் போய்விட்டார், நானும் விட்டுவிட்டேன். 1,800 பீஸ் தைத்து முடித்த பிறகு செக்கிங்கில் கண்டுபிடித்தார்கள்.

கட்டிங் மாஸ்டர்தான் அன்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏனம்மணி, உனக்கு முன்னாடியே தெரியுமாமா?" தலையை ஆட்டினேன். "நீ கதை சொல்ல ஆரம்பிச்சா எவன் உக்காந்து கேப்பான்? ஷேடு சேரல, கட்டிங்க நிறுத்தோணும்னு மொதல்ல சொல்லிப்போடு. ஏன்னு அவங்களே கேப்பாங்க." திட்டுவார் என்று நினைத்துப் போனவளுக்கு இது தேவலாம் போலிருந்தது. அவர் சொன்னது அவ்வளவுதான், ஆனால் என்னுடைய எட்டாம் வகுப்புப் பிரச்சினையும் இதுதான் என்று அப்புறம் புரிந்தது. கேட்பவர்களுக்கு என்ன வேண்டும் என்று நான் யோசித்ததே கிடையாது. வரிசை தப்பாமல் ஒப்பிக்கவேண்டும் என்பதுதான் கவலை, ஒரு வரி நழுவினால் எல்லாமே நழுவிவிடும்.

கோயமுத்தூரில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புக்குப் போகும் தோழி ஒருத்தி இருக்கிறாள். 1924இல் கலிஃபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கியது, இப்போது உலகம் முழுக்கக் கிளப்புகள் இருக்கின்றன. அந்தக் கூட்டங்களில் பேசுகிறவர் எத்தனை "ஆ", எத்தனை "உம்" போடுகிறார் என்று எண்ணுவதற்கே ஒரு ஆளை வைப்பார்களாம். எனக்கு அங்கே போகத் தைரியம் இல்லை, எண்ணுவதை மட்டும் கடன் வாங்கிக்கொண்டேன். இரண்டு நிமிடம் போனில் பதிவு செய்து கேட்டால் "வந்துங்க" மட்டும் 27 தடவை. அதைவிடக் கொடுமை, மேடைத் தமிழ் என்று நினைத்துக்கொண்டு யாரோ வானொலி அறிவிப்பாளர் மாதிரி பேசியிருந்தேன். அதை விட்டுவிட்டு, அம்மாவிடம் பேசுகிற மாதிரி எங்கள் ஊர் "ங்க" போட்டே பேசிப் பதிவு செய்தபோது பாதி தடுமாற்றம் போய்விட்டது. "வந்துங்க" வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரு மூச்சு விடுவது என்று வைத்துக்கொண்டேன். நமக்கு அந்த அமைதி ஒரு யுகம், கேட்பவருக்கு ஒரு நொடி.

இன்னொரு சங்கதியும் உதவியது. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு. நம் படபடப்பு வெளியே அப்படியே தெரிகிறது என்று நாம் நினைப்போம், உண்மையில் பார்ப்பவர்களுக்கு அவ்வளவு தெரிவதில்லை. பேசப்போகிற ஒரு குழுவுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், சொல்லப்படாதவர்களைவிட அவர்கள் நன்றாகப் பேசினார்களாம். படித்தபோது நான் நம்பவில்லை. என் கை நடுங்குவது எனக்கே தெரிகிறதே!

தினமும் செய்த பயிற்சி ரொம்பச் சின்னது. மெயில் போடுவதற்குப் பதில் ஒரு போன். புரியாவிட்டால் "புரியலைங்க, இன்னொருக்கா சொல்லுங்க" என்று கேட்பது, இதைச் சொல்லப் பழகவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

இந்த ஜனவரி 26 கிராம சபைக்குப் போனேன். எங்கள் தெருக் குழாயில் பல நாளாகத் தண்ணீர் சரியாக வருவதில்லை. மைக்கைக் கையில் கொடுத்தார்கள், வாய் காய்ந்துவிட்டது. மாஸ்டரை நினைத்துக்கொண்டேன். "எங்க வீதிக்குப் பத்து நாளைக்கு ஒருக்கா அரை மணி நேரந்தானுங்க தண்ணி வருது. எப்ப சரி பண்ணுவீங்கன்னு தேதி சொல்லுங்க, தீர்மானத்துல எழுதுங்க." மூன்றாவது வாக்கியம் இல்லை, உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த அக்கா காதில் வந்து, "பரவால்ல கண்ணு, துளி பயமில்லாம பேசிப்போட்டயே" என்றார். நான் கையை நீட்டிக் காட்டினேன். விரலெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. "அட, எனக்குத் தெரியவே இல்லியே" என்று சிரித்தார்.

தண்ணீர் இன்னும் வரவில்லை. தீர்மானத்தில் எழுதியிருக்கிறார்கள். அடுத்த கிராம சபை மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டேன், போனில், மெயிலில் இல்லை.