எலுமிச்சையில் செதில் பூச்சி: மூடியைத் தூக்கிப் பார்த்தேன்

மாடித் தோட்டத்து எலுமிச்சையில் சிவப்புச் செதில் பூச்சி. இலை, இளங்கிளை, காய் என்று எங்கும் செம்பழுப்பு வட்டங்கள். பெரியதே 2 மி.மீ.தான் இருக்கும். ஒட்டிய இடத்தைச் சுற்றி இலை மஞ்சளாகிவிட்டது. ஆனால் எறும்பு இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. இதுதான் நல்ல அடையாளம். மாவுப்பூச்சியாக இருந்தால் தேன்கழிவு (பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவம்) வழியும், எறும்பு மொய்க்கும், கரும்பூசணம் படரும். இந்தக் கவசச் செதில் இனம் சாற்றுக்குழாயில் குடிப்பதில்லை; செல்களைக் குத்தி உறிஞ்சுகிறது. அதனால் தேன்கழிவே கிடையாது.

லென்ஸை வைத்துக்கொண்டு அந்தச் செம்பழுப்பு வட்டத்தை, அதாவது பூச்சியின் மூடியை, குண்டூசியால் நெம்பினேன். இளசாக இருந்தவற்றில் மூடி தனியாக வந்துவிட்டது. அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு சதைப்பை. காலும் இல்லை, இறக்கையும் இல்லை. அதுதான் பெண். மூடி அதன் உடம்போடு சேர்ந்ததல்ல. மெழுகும், தோலுரிக்கும்போது கழற்றிய பழைய தோலும் சேர்ந்து உருவான கூரை. முதிர்ந்த பெண்களிடம் இந்த வித்தை பலிக்கவில்லை. இணைசேர்ந்தபின் மூடியும் உடம்பும் இறுகிவிடுமாம். ஆண் பாவம்: இறக்கை உண்டு, வேலை செய்யும் வாய் கிடையாது, ஆயுளும் ஏறக்குறைய ஒரு நாள்தான்.

கூரைக்குள் மருந்து எளிதில் இறங்காது. மாட்டுகிற ஒரே பருவம் குஞ்சுப் பருவம். இந்த இனம் முட்டையிட்டு வைக்காமல் குஞ்சாகவே ஈனும். கால் இருப்பதால் கொஞ்ச நேரம் ஊர்ந்து, இடம் பிடித்து, ஊசி வாயை இறக்கிவிட்டால் வெள்ளை மெழுகு மூட ஆரம்பித்துவிடும். அடுத்த தோலுரிப்பில் காலும் போய்விடும். ஆகவே கிளைகளில் இருபக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றி வைத்தேன். மஞ்சள் தூள் போலக் குஞ்சுகள் ஒட்டியதும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்பில் கலக்கி, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறமும் நனையத் தெளித்தேன். டேப்பில் புதிதாக ஒட்டுவது குறையும்வரை வாரம் ஒருமுறை தொடர்ந்தேன்.

செத்த பூச்சியும் மூடியோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பதுதான் தொல்லை. பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, குத்தித்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் சாறு கசிந்தால் உயிரோடு இருக்கிறது. பொடியாக உதிர்ந்தால் முடிந்தது. இப்போது பெரும்பாலும் பொடிதான். அப்புறம், சில மூடிகளில் வட்டமாகத் துளை. அது செதில் பூச்சியைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவி வெளியேறிய வழி. இந்தச் செதிலுக்கு எதிரான அஃபைட்டிஸ் மெலினஸ் என்னும் குளவியை 1950களில் இந்தியா, பாகிஸ்தான் பக்கமிருந்துதான் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள். என் மாடிக்கு வந்தது எந்தக் குளவியோ, வந்த விருந்தாளியை மருந்தடித்து விரட்டுவானேன்? துளை தெரிந்த கிளைகளைத் தெளிக்காமல் விட்டிருக்கிறேன். அடித்தண்டில் மிச்சமிருப்பதைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கிறேன். காயில் இருப்பதும் அப்படியே வந்துவிடுகிறது.