"ஆயிடும்" என்று சொன்ன பதில்

"அண்ணா, யம் அப்டேட் போட்டா நாம தனியா போட்ட ஓப்பன்எஸ்எஸ்எல்லும் சேர்ந்து அப்டேட் ஆயிடுமா?"

"அதெல்லாம் ஆயிடும்" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். கேட்டவன் என்னோடு வேலை பார்த்த தம்பி. யம் என்பது லினக்ஸ் சர்வரில் மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் கருவி. ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் லைப்ரரி.

2021 மாங்கூழ் சீசன் அது. கிருஷ்ணகிரியில் அந்த நாட்களில் ஒரு மெயில் நின்றாலும் ஆலையிலிருந்து போன் வந்துவிடும். மெயில் சர்வரில் ஓடிய லினக்ஸான சென்ட்ஓஎஸ் 7-இல் இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2-க்கு, மறையாக்க நெறிமுறையின் புதிய பதிப்பான டிஎல்எஸ் 1.3 தெரியாது. அதனால் அதைவிடப் புதிய 1.1.1கே-வைத் தனி டைரக்டரியில் நிறுவி, அதோடு மெயில் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸைக் கம்பைல் செய்தேன். கம்பைல் ஆனது, ஸ்டார்ட் ஆகவில்லை. லிங்க் செய்ய எல் ஆப்ஷனில் கொடுத்த பாதை, ஓடும்போது லைப்ரரியைத் தேட உதவாது. ஓடும்போது தேட வேண்டிய பாதையை நிரலுக்குள்ளேயே பதிக்கும் ஆர்பாத்தைச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்தேன். ஒரு நிரல் எந்த லைப்ரரிகளை எடுக்கிறது என்று காட்டும் எல்டிடி கட்டளை சரியான பாதையைக் காட்டியது. அந்த நிம்மதியில் இருந்தபோதுதான் தம்பி கேட்டான்.

யம் நிறுவாத ஒன்றை யம் புதுப்பிக்காது. இது எனக்குத் தெரியாததா? பொய் சொல்லவில்லை, கேள்வியைச் சரியாகக் காதில் வாங்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஆலை முதலாளி அதையே கேட்டிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பேன்.

2022 மார்ச் 15-இல் ஒரு பாதுகாப்புக் குறையைச் சரிசெய்து ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1என் வந்தது. விஷமமாகத் தயாரித்த ஒரு சான்றிதழைப் படித்தால் பழைய லைப்ரரி முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நம் சர்வர் மெயில் அனுப்பும்போது எதிர் சர்வரின் சான்றிதழைப் படிக்கிறது. ஏப்ரலில் தற்செயலாகப் பார்த்தேன். யம் அப்டேட் முடிந்ததாக நோட்டில் தம்பியின் கையெழுத்து இருந்தது. எங்கள் டைரக்டரியில் அதே பழைய 1.1.1கே.

ஒன்றும் நடக்கவில்லை. ஆர்பாத்தில் அதே பாதை இருந்ததால் லைப்ரரியை மாற்றி ரீஸ்டார்ட் செய்ததே போதுமானதாக இருந்தது, போஸ்ட்ஃபிக்ஸைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. அந்த வேலையை நன்றாகத்தான் செய்திருந்தேன். அதை நினைத்து ஆறுதல் அடையப் பார்க்கிறேன், முடியவில்லை.

அன்று இரவு அவனிடம், "நீ அப்பவே சரியாத்தான் கேட்டிருக்க" என்றேன்.

"எனக்கு அப்பவே சந்தேகம்தாண்ணா. நீங்க சொன்னதால விட்டுட்டேன்."

இப்போது அவன் ஓசூரில் இருக்கிறான். அவனுக்குக் கீழே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் கேட்டால் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்கிறானா என்று கேட்க நினைத்து இரண்டு முறை போனை எடுத்தேன். வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன்.