மொய் நோட்டும் 309 விசாவும்

எங்கள் கல்யாண மொய் நோட்டின் அட்டையில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் தாய்மாமன் பெயர், பிறகு ஊர், பெயர், தொகை என்று வரிசை எண்ணோடு நானூற்றுச் சொச்சம் பேர் வருகிறார்கள். கல்யாணத்திற்கு மறுநாள் அம்மா அதைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மூன்று மாதம் கழித்து நான் சாவி கேட்டபோது, "எதற்கு, யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும்?" என்றார். ஆஸ்திரேலிய அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்றேன். அம்மா சாவியைத் தருவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

என் கணவர் மெல்போர்னில் பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை பெற்று வேலை பார்ப்பவர். 2024 ஆனி மாதத்தில், அவருடைய ஆறு வார விடுப்புக்குள், உசிலம்பட்டியில் எங்கள் திருமணம் நடந்தது. அவர் இருக்குமிடத்திற்கு நான் போய்ச் சேர வேண்டுமானால் இரண்டு கட்டங்கள் உண்டு: முதலில் 309 என்ற எண் கொண்ட தற்காலிகத் துணைவர் விசா, அதன் பிறகு 100 என்ற எண் கொண்ட நிரந்தர விசா. இரண்டுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம், ஒரே கட்டணம். விண்ணப்பிக்கும்போது நாம் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, உறவு இன்னும் தொடர்கிறதா என்று பார்த்து இரண்டாம் கட்டத்தை முடிவு செய்வார்கள். நாங்கள் செப்டம்பரில் பணம் கட்டியபோது கட்டணம் 9,095 ஆஸ்திரேலிய டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய ஐந்து லட்சம். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் தேதி அது ஏறும். எங்கள் கல்யாணம் நடந்த ஜூன் வரை 8,850 டாலராகத்தான் இருந்தது. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பி வராது. "இதில் இன்னொரு கல்யாணத்தையே முடித்துவிடலாமே" என்றார் அப்பா. அவர் கல்யாணச் செலவுக் கணக்கையே இன்னும் முடித்திருக்கவில்லை.

கல்யாணச் சான்றிதழ் இருந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் தொண்ணூறு நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அவர் ஊருக்குக் கிளம்புமுன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த வேலையை முடித்திருந்தோம். ஆனால் ஆஸ்திரேலிய அரசாங்கத்துக்குச் சான்றிதழ் வெறும் தொடக்கம்தான். இந்தத் திருமணம் உண்மையானதா, தொடர்கிறதா என்பதை நான்கு பக்கங்களிலிருந்து பார்க்க வேண்டும் என்று அவர்களுடைய குடிவரவு விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: பணவிவகாரம், குடித்தனம், சமூகத்தின் பார்வை, ஒருவர் மீது ஒருவருக்கு இருக்கும் ஈடுபாடு. கூட்டு வங்கிக் கணக்கு இருக்கிறதா, வீட்டு வேலையை யார் யார் எப்படிப் பகிர்ந்துகொள்கிறீர்கள், நண்பர்கள் உங்களைத் தம்பதியாக ஏற்றுக்கொள்கிறார்களா, ஒருவருக்கொருவர் எவ்வளவு ஆறுதலாக இருக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்கிறார்கள். கேள்விகளில் தவறில்லை. பல ஆண்டுகள் பழகி, ஒரே வீட்டில் வாடகை பகிர்ந்து வாழ்ந்து, பிறகு கல்யாணம் செய்துகொள்ளும் ஊரில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ரசீது இருக்கும். ஜாதகம் பார்த்து, பெண் பார்த்து, நான்கு மாதத்தில் தாலி கட்டும் ஊரில் ரசீதுகள் எல்லாம் மண்டபக்காரர் பெயரிலும் சமையல்காரர் பெயரிலும் அப்பா பெயரிலும்தான் இருக்கும்.

குடித்தனம் என்ற பகுதிதான் எங்களை மிகவும் சோதித்தது. திருமண நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து இருந்தது பத்தொன்பது நாள். அதற்குள் ஜூலை 17 அன்று ஆடி பிறந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் சீர்த்தட்டோடு திருமங்கலத்தில் இருக்கும் என் மாமியார் வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளையையும் என்னையும் அழைத்துப் போய் விருந்து வைத்து, வழக்கம்போல் என்னை நிறுத்திக்கொண்டு மாப்பிள்ளையை மட்டும் அனுப்பி வைத்தார்கள். அவருடைய விடுப்பு இன்னும் பதினோரு நாள் மீதம் இருந்தது. ஒரு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் அவர் அங்கேயும் நான் இங்கேயும் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தோம். ஜூலை 28 அன்று விமான நிலையத்தில்தான் மறுபடியும் பார்த்துக்கொண்டோம். அப்போது எனக்கு அதில் வருத்தம் இருந்தது, விசித்திரமாக ஒன்றும் தோன்றவில்லை. விண்ணப்பத்தில் எழுதும்போதுதான், கான்பெராவிலோ வேறெங்கோ உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரிக்கு இது எப்படித் தோன்றும் என்று உறைத்தது: கல்யாணமாகி மூன்றே வாரத்தில் பெண் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள், கணவன் நாடு திரும்பும் வரை வரவில்லை.

இதை மறைத்துவிடலாம் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். மதுரையில் நாங்கள் முதலில் பார்த்த ஒரு விசா முகவர் அவர். தேர்ந்த கைகளால் எழுதப்பட்ட மாதிரிக் கடிதம் ஒன்று அவரிடம் இருந்தது. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதுமாம். அதில் நானும் என் கணவரும் மழையில் நடப்பதை விரும்புவோம் என்று இருந்தது. அவருக்கு மழையில் நனைந்தால் தும்மல் வரும். நாங்கள் அந்த முகவரை விட்டுவிட்டு விண்ணப்பத்தை நாங்களே போட்டோம். ஆடி மாதம் என்றால் என்ன, புதுமணப் பெண்ணை ஏன் தாய்வீட்டுக்கு அழைக்கிறார்கள், ஆடியில் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிள்ளைப்பேறு வரும் என்று பெரியவர்கள் சொல்லும் காரணம் என்ன என்பதையெல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் நானே எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது, அந்த வழக்கத்தை அதுவரை யாருக்கும் விளக்க வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை என்று தெரிந்தது.

அடுத்த சிக்கல் தேதிகள். இருவரும் தனித்தனியே உறவின் வரலாற்றை எழுத வேண்டும். முதன்முதலில் எப்போது நேரில் சந்தித்தீர்கள், எப்போதிலிருந்து சேர்ந்து வாழும் உறுதி எடுத்துக்கொண்டீர்கள் என்பவை தனிக் கேள்விகள். முதல் கேள்விக்குப் பெண் பார்க்க வந்த நாள் என்று இருவரும் ஒன்றாகவே எழுதினோம். இரண்டாவதற்கு நான் நிச்சயதார்த்த நாளை எழுதியிருந்தேன்; அவர், நிச்சயத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு நாள் இரவு இரண்டு மணி நேரம் பேசிய நாளை எழுதியிருந்தார். அம்மாவைக் கேட்டால் பூ வைத்த நாள்தான் கணக்கு என்றார். கடைசியில் மூன்றையும் எழுதி, எந்த நாளில் என்ன நடந்தது என்று சொல்லி, இரண்டு கடிதங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துத்தான் பதிவேற்றினோம். அவர் அந்த இரவை இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருந்தார் என்பதை விசா விண்ணப்பத்தின் வழியாகத் தெரிந்துகொண்டேன்.

பணவிவகாரத்தில் எங்களுக்கு அதிகம் காட்ட ஒன்றும் இல்லை. மாதாமாதம் அவர் என் கணக்குக்கு அனுப்பிய தொகைகளை வைத்தோம். அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் நம் ஊர் வைப்பு நிதி மாதிரி 'சூப்பர்' என்றொரு ஓய்வூதியச் சேமிப்பு உண்டு. அதில் வாரிசாக அதுவரை தன் அம்மாவின் பெயரை வைத்திருந்தவர் என் பெயரையும் சேர்த்தார். அதை எப்படிச் சொல்வது என்று அவர் தயங்கிக்கொண்டிருந்தபோது அத்தையே கேட்டுவிட்டு, "பாதி போதும், முழுதாக மாற்றிவிடாதே" என்று சிரித்தார். விளையாட்டாகச் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அழைப்புப் பதிவுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லா உரையாடல்களையும் கொட்டத் தேவையில்லை. மாதத்திற்கு ஒன்றிரண்டு பக்கம், எங்கள் உறவு விட்டுப்போகாமல் தொடர்கிறது என்று காட்டும் அளவுக்கு இருந்தால் போதும். ஒவ்வொரு கோப்பும் 5 எம்.பி.க்குள் அடங்க வேண்டும் என்பதால் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். படங்களை மாதவாரியாக அடுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். செப்டம்பர் வரை எங்கள் அழைப்புகள் எல்லாம் மாலை ஐந்து மணிக்கு இருக்கின்றன, அங்கே இரவு ஒன்பதரை. அக்டோபர் 6-ஆம் தேதி மெல்போர்னில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தினார்கள். அன்றிலிருந்து அத்தனை அழைப்புகளும் நான்கு மணிக்கு. அந்த நேரத்தில் நான் பள்ளி முடிந்து பேருந்தில் நின்றுகொண்டிருப்பேன். நடத்துநர் டிக்கெட் கேட்கும் சத்தத்துக்கு நடுவில்தான் ஆறு மாதம் பேசினோம்.

சமூகத்தின் பார்வை என்ற பகுதிக்குத்தான் மொய் நோட்டு. கல்யாணப் பத்திரிகையை வைத்தோம், அதில் இருபக்கத்துப் பெரியவர்களின் பெயர்களும் முறைப்படி இருக்கின்றன. புகைப்படங்களை வைத்தோம். பிறகுதான் என் கணவருக்குத் தோன்றியது: பத்திரிகையை அச்சடிக்க யாராலும் முடியும், ஆனால் சேடபட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் வந்து, தங்கள் ஊரையும் பெயரையும் சொல்லி, ஐந்நூற்று ஒன்றும் ஆயிரத்து ஒன்றும் எழுதிவிட்டுப் போன நானூறு பேரை யாரால் உண்டாக்க முடியும்? நோட்டு முழுவதையும் படமெடுத்தேன். தமிழில் உள்ள எதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதால் முதல் இரண்டு பக்கங்களை மட்டும் மொழிபெயர்க்கக் கொடுத்தோம். மொழிபெயர்ப்பாளர் தலைப்பில் 'கிஃப்ட் ரெஜிஸ்டர்' என்று போட்டிருந்தார். அன்பளிப்பு என்றால் திருப்பித் தர வேண்டியதில்லையே, மொய்யைத் திருப்பிச் செய்தாக வேண்டுமே என்று அப்பா அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே கீழே ஒரு விளக்க வரி சேர்த்தோம்.

அதே பகுதிக்கு 888 என்ற எண் கொண்ட படிவமும் உண்டு. எங்களை அறிந்த ஆஸ்திரேலியக் குடிமக்களோ பி.ஆர். உள்ளவர்களோ, இது உண்மையான உறவு என்று தாம் ஏன் நம்புகிறோம் என்று சாட்சியமாக எழுத வேண்டும். என் கணவர் மெல்போர்னின் டாண்டினாங் பகுதியில் ஓர் ஈழத்து அக்காவின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அந்த அக்கா என்னை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. "நான் காணாத ஒண்டை எழுத மாட்டன் தம்பி" என்று சொல்லிவிட்டு, தான் கண்டதை மட்டும் எழுதினார்: தினமும் இரவு ஒன்பதரைக்கு இந்தப் பையன் சாப்பாட்டுத் தட்டோடு கைப்பேசியை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்காருகிறான், குளிர்காலத்திலும் உட்காருகிறான் என்று. எங்கள் கோப்பிலேயே நன்றாக எழுதப்பட்ட தாள் அதுதான்.

என் பெயரும் ஒரு வேலை கொடுத்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், பட்டச் சான்றிதழில் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் விரிவாக, பாஸ்போர்ட்டிலோ குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர். அத்தனை வடிவங்களையும் வேறு பெயர்கள் என்ற கேள்வியின் கீழ் எழுதினேன். விசா வழங்கும் ஆஸ்திரேலிய உள்துறையிலிருந்து வந்த முதல் மின்னஞ்சல் 'டியர் மிஸ்' என்று தொடங்கி அப்பாவின் பெயரில் முடிந்தது. அச்செடுத்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, "என்னையா வரச் சொல்லியிருக்கிறார்கள்?" என்றார்.

காவல்துறைச் சான்றும் மருத்துவப் பரிசோதனையும் சுலபமாக முடிந்தன. முன்னதைப் பாஸ்போர்ட் சேவா இணையத்தில் ஐந்நூறு ரூபாய் கட்டிப் பெற்றேன். பின்னதற்கு அவர்கள் தரும் ஹெச்.ஏ.பி. என்ற பரிசோதனை அடையாள எண்ணோடு, அவர்கள் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும். எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர், அவ்வளவுதான். பத்து ஆண்டுகளில் மொத்தம் ஓராண்டு வேறெந்த நாட்டிலாவது இருந்திருந்தால் அந்த நாட்டுக் காவல்துறைச் சான்றும் வேண்டும் என்பதை மட்டும் படிப்பவர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் தலை தீபாவளிக்கு வந்து போனார். பிப்ரவரியில் துறையிலிருந்து, குடித்தனத்திற்குக் கூடுதல் ஆதாரம் கேட்டு இருபத்தெட்டு நாள் அவகாசத்துடன் கடிதம் வந்தது. பயந்துவிட்டோம். ஆனால் அதற்குள் ரேஷன் அட்டையில் அப்பா வீட்டிலிருந்து என் பெயரை நீக்கி மாமனார் வீட்டு அட்டையில் சேர்த்திருந்தோம். தீபாவளி விடுப்பின் போர்டிங் பாஸ்கள் இருந்தன. அத்தைக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தபோது நான் திருமங்கலத்தில் தங்கிப் பார்த்துக்கொண்ட பன்னிரண்டு நாளும், மருத்துவமனைத் தாளில் உடனிருப்பவர் என்ற இடத்தில் 'மருமகள்' என்று என் பெயரும் இருந்தன. அந்தத் தாளை ஆதாரமாகக் கருதி யாரும் பத்திரப்படுத்தவில்லை. மாத்திரைச் சீட்டோடு மடங்கிக் கிடந்தது.

2025 ஆகஸ்டில், விண்ணப்பித்துப் பதினோராவது மாதத்தில், விசா வந்தது. எந்தத் தாள் உதவியது, எது வீண் என்று யாரும் சொல்வதில்லை. வழங்கப்பட்டது என்ற ஒரு கடிதம்தான். இப்போது மெல்போர்னில் மின்கட்டண ரசீதில் இருவர் பெயரும் வருகிறது. 2026 செப்டம்பரில் இரண்டாம் கட்டத்திற்குக் காட்ட வேண்டும் என்பதால் ஒவ்வொரு ரசீதையும் அவர் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கிறார்.

போன வாரம் அப்பா அழைத்தார். பேரையூர் மாமா வீட்டில் காதுகுத்து. அம்மா வெளியூர் போயிருந்தார், பீரோச் சாவி அவரிடம். "அந்த நோட்டு உன் கம்ப்யூட்டரில் இருக்கிறதல்லவா, மாமா நமக்கு எவ்வளவு எழுதியிருக்கிறார் பார்" என்றார். விண்ணப்பக் கோப்பைத் திறந்து, சமூகத்தின் பார்வை என்று பெயரிட்ட உறையிலிருந்து ஒன்பதாம் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரிசை எண் 143, ஆயிரத்து ஒன்று. அப்படியானால் ஆயிரத்து ஐந்நூற்று ஒன்று எழுதிவிடுகிறேன் என்று சொல்லி அப்பா வைத்துவிட்டார்.