சுடுதண்ணி போத்தல்

ஜூலை 28, 2024, ஞாயிறு, பந்திங், மலேசியா

அடுத்த ஞாயிறு ஆடி அமாவாசை. அப்பாவுக்குத் திதி கொடுக்க மோரிப் கடற்கரைக்குப் போகணும். மச்சினனும் வருகிறான், மாமனாருக்குக் கொடுக்க.

சின்னவன் கைப்பேசியில் சுறா வீடியோ பார்த்துவிட்டு, தண்ணீரில் கால் வைக்க மாட்டேன் என்கிறான். உலகம் முழுக்கச் சேர்த்தாலும் சுறாவால் சாகிறவர்கள் பெரும்பாலான வருஷங்களில் பத்துப் பேரைக்கூடத் தாண்டுவதில்லை என்றேன். நம்பவில்லை. அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் டிரசர், காயத்துக்கு மருந்து போடுகிறவர். "சுறா கடிச்சு ஒருத்தனும் வந்ததில்லை. செம்பிலாங் மீன் குத்தி வந்தவனுக்குக் கணக்கே இல்லை" என்பார். சம்பளம் போட்ட மறுநாள் ஆற்று முகத்துவாரத்தில் வலை வீசப் போன ஆட்கள்தான் எல்லாம்.

ஜூலை 31, புதன்

செம்பிலாங் என்றால் ஊரில் கெளுத்தி. முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மூன்றும் ரம்பம் மாதிரி, மூன்றிலும் விஷம். குத்து வாங்கியவன் லயத்து வைத்தியமெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அப்பாவிடம் வருவான். சுண்ணாம்பு, புகையிலை, மூத்திரம்கூட. அப்பா எதையும் கேட்கமாட்டார். எனாமல் பேசினில் சுடுதண்ணி ஊற்றி, "காலை வை" என்பார்.

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்த முள் விஷங்கள் புரதம், சூட்டில் சிதைந்துவிடும். திருக்கைக்கும் அதேதான், முதுகில் பதின்மூன்று முள் வைத்துக்கொண்டு கல் மாதிரி கிடக்கிற கல்மீனுக்கும் அதேதான். நாற்பத்தைந்து டிகிரி வாக்கில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். சூட்டை நல்ல காலை வைத்துத்தான் பார்க்கவேண்டும். குத்துப்பட்ட காலுக்கு வலியில் சூடு தெரியாது, வெந்துபோகும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இரவு பதினொன்று. இப்போதுதான் உட்கார்ந்தேன்.

அமாவாசை வற்றம். கடல் எங்கோ போயிருந்தது, நடுவில் எல்லாம் சேறு. 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரப் படை திரும்பி வந்து இறங்கிய இடம் இது. அவர்கள் வண்டிகளே இந்தச் சேற்றில் புதைந்தன. மச்சினன் மட்டும் புதையாமல் இருப்பானா? ஒரு சிலிப்பர் சேற்றோடு போச்சு. பிண்டத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வீராப்பாகக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். தேய்த்துத் தேய்த்து நடடா என்று கரையிலிருந்து கத்தினேன். காலை இழுத்து நடந்தால் திருக்கை அதிர்வு கேட்டு விலகிவிடும், மேலேயே மிதித்தால் வாலைச் சுழற்றும்.

முழங்கால் தண்ணீரில் "அம்மா!" என்று ஒரு சத்தம். பிண்டத்தை மட்டும் கீழே விடவில்லை, பாவம்.

கணுக்காலுக்கு மேலே கிழிசல், ரத்தம். தேத்தண்ணிக்கு என் மனைவி கொண்டு வந்த சுடுதண்ணி போத்தல் இருந்தது. சோற்று வாளியைக் காலி பண்ணி, பச்சைத் தண்ணி கலந்து, என் காலை முதலில் விட்டுப் பார்த்து, அவன் காலை வைத்தேன். இருபது நிமிஷத்தில் அழுகை நின்று திட்டு ஆரம்பித்தது. "மாமா, தேத்தண்ணி போச்சே" என்றான். தண்ணி ஆற ஆற, கடைக்காரரிடம் இரண்டு தடவை கொதிதண்ணி வாங்கினோம்.

பிறகு கிளினிக். நர்ஸ் ஐஸ் பை கொண்டு வந்தது. வேண்டாம் என்றதற்கு என்னை ஒரு மாதிரி பார்த்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, உடைந்த முள் துண்டை எடுத்து, டெட்டனஸ் ஊசி போட்டார். காலானதால் ஆயிற்று. நெஞ்சில் குத்தினால் முள்ளைப் பிடுங்கக்கூடாது, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். முதலை பிடிக்கிற ஸ்டீவ் இர்வின் 2006-இல் ஆஸ்திரேலியாவில் அப்படி நெஞ்சில் குத்துப்பட்டுத்தான் செத்தார்.

ஆகஸ்ட் 7, புதன்

மச்சினனைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கதை கொண்டு வருகிறார்கள். பழைய மண்டோர் (கங்காணி) ஒருவர் கடல்பாம்பைச் சொன்னார். வலையிலிருந்து மீன் உதறும்போது கடிக்கும், வலியே இருக்காது. சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் நோவு, தாடை கட்டிக்கொள்ளும், சிறுநீர் கறுக்கும். பினாங்கு ஆஸ்பத்திரியில் ரீட் என்ற டாக்டர் இதைத்தான் ஐம்பதுகளில் உட்கார்ந்து ஆராய்ந்தார். வலி இல்லை என்று வீட்டுக்குப் போகிறவன்தான் மாட்டுவான்.

அத்தை கேட்டது தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "சூட்டுல விஷம் போயிடும்னா, புந்தால் மீனையும் நல்லா வேகவெச்சு சாப்பிடலாம்தானே?"

புந்தால் என்றால் ஊரில் பேத்தை மீன். கூடவே கூடாது, அத்தை. அது வேற விஷம், எவ்வளவு கொதித்தாலும் சாகாது, மருந்தும் கிடையாது. உதடு மரத்து, கை கால் விழுந்து, மூச்சு நிற்கும். போன வருஷம் மார்ச்சில் குளுவாங்கில் எண்பது தாண்டிய கணவன் மனைவி அதைச் சமைத்துச் சாப்பிட்டு இரண்டு பேரும் போனார்கள். அதுவும் நம்ம பந்திங் மாதிரி தோட்டத்து ஊர்தான்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மீன்காரனின் பெயரைச் சொல்லி, இனி அவனிடம் தோல் உரித்த மீன் வாங்கமாட்டேன் என்றது.

ஆகஸ்ட் 10, சனி

பெரியவன் கூட்டாளிகளோடு லங்காவி போகிறான். அங்கே பயம் வேற: பெட்டி வடிவ ஊபோர்-ஊபோர், அதாவது ஜெல்லி மீன். கண்ணாடி மாதிரி, தண்ணீரில் தெரியாது. 2010-இல் பந்தாய் செனாங்கில் சுவீடன்காரப் பெண் ஒருவர் அது பட்டு இறந்தார். பட்டால் கரையேறி, புளிக்காடி (வினிகர்) அரை நிமிஷமாவது ஊற்றவேண்டும். வலி அதில் போகாது, ஆனால் தோலில் ஒட்டியிருக்கிற இழைகளில் இன்னும் வெடிக்காத கொட்டுப்பைகள் அடங்கும். தேய்க்கக்கூடாது. பச்சைத் தண்ணி ஊற்றவே கூடாது, அது மிச்சத்தையும் வெடிக்க வைக்கும். மயங்கினால் 999 அடித்துவிட்டு, மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்த ஆரம்பி என்றேன்.

"சரிப்பா, சரிப்பா" என்றான். சமையலறையிலிருந்து புளிக்காடி போத்தலை எடுத்து, மூடியில் டேப் சுற்றி, அவன் பையில் வைத்தேன். துணியெல்லாம் நாறும் என்று எடுத்து மேசையில் வைத்துவிட்டான். அவன் குளிக்கப் போனதும் அவன் அம்மா திரும்ப உள்ளே வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினாள்.