துருப்பிடித்த நட்டுக்கு எந்த எண்ணெய்?

ஏற்காட்டில் காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பரோ தண்ணீர் மோட்டாரோ வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மழையும் மூடுபனியும் மாறி மாறி அடித்தால் போல்ட்டும் நட்டும் ஒரே இரும்பாகிவிடும். துரு, தான் அரித்த இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும், அதனால்தான் மரைக்குள் (திருகு வரிகளுக்குள்) அவ்வளவு இறுக்கம்.

கடையில் கேட்டால் முதலில் எடுத்துத் தருவது டபிள்யூடி-40 ஸ்ப்ரே. நல்ல சரக்குதான், ஆனால் 1953-இல் அமெரிக்காவில் அதை உருவாக்கியதே ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கத்தான். லேசாகப் பிடித்த நட்டுக்குப் போதும், பல வருடம் இறுகிக் கிடப்பதற்கு 'பெனட்ரேட்டிங் ஆயில்' (இடுக்கில் ஊடுருவும் எண்ணெய்) என்றே போட்டிருக்கும் டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். கெட்டியான இன்ஜின் ஆயில் வேண்டாம், அது மரைக்குள் இறங்காது. அசிட்டோனும் ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் வண்டியின் கியர்பாக்ஸுக்கு ஊற்றுவது) சரிபாதி கலந்து சிலர் அடிக்கிறார்கள். வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும், பெயின்ட்டையும் தின்றுவிடும்.

என்னைக் கேட்டால் பிராண்டைவிடப் பொறுமைதான் முக்கியம். முதலில் கம்பி பிரஷ்ஷால் மண்ணைத் தேய்த்தெடுங்கள், மரையோரம் எண்ணெய் அடியுங்கள், சுத்தியலால் நட்டின் பக்கங்களில் மெல்லத் தட்டுங்கள், ராத்திரி முழுக்க விட்டுவிட்டு மறுபடி அடியுங்கள். ஓரத்தில் செம்பழுப்பாகக் கசிந்தால் எண்ணெய் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். அப்புறம் நட்டின் ஆறு பக்கத்தையும் பிடிக்கும் ஆறுமுக சாக்கெட்டைப் போட்டு, கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். எண்ணெய் அடித்த இடத்தில் மட்டும் தயவுசெய்து நெருப்பைக் காட்டாதீர்கள்.